பேட்டையைத் தேடினால் பாட்டி வருகிறாள்

"எந்த டேட்டாபேஸ்?" நூலகத்துக்கான மென்பொருளை இன்ஸ்டால் பண்ணும்போது, தகவலை எதில் சேமிப்பது என்று கேட்கும், பார்த்திருப்பீர்கள். எஸ்க்யூலைட்டா, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா? பக்கத்திலேயே, சிறிய பயன்பாட்டுக்கு எஸ்க்யூலைட் போதும் என்று ஒரு வரி. போதுமாம்! நம்பி அதையே போட்டோம்.

இன்று காலை பாளையங்கோட்டையில் எங்கள் நூலக அண்ணாச்சி சாவகாசமாக உட்கார்ந்து தேடல் பெட்டியில் 'பேட்டை' என்று தட்டினார். முதலில் பாட்டி வைத்தியம் வந்தது. அடுத்து போட்டித் தேர்வு. அப்புறம் புட்டு வகைகள். பெட்டிக்கடை, பூட்டு என்று வரிசையாக வருகிறது, பேட்டையைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் பாட்டி. ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, இன்னொரு தடவை. அதே பாட்டி.

"ஏ தம்பி, நான் பேட்டையக் கேட்டா இது பாட்டியக் காட்டுது. என்னடே இது?"

என்ன சொல்வேன்? எஸ்க்யூலைட்டின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இல் சும்மா விட்டால் ஓடுவது யூனிகோட்61 என்ற சொல் பிரிப்பான். அந்தத் துரைக்கு எழுத்தும் எண்ணும்தான் சொல். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் காற்புள்ளி மாதிரி வெறும் இடைவெளி! ஆக, பேட்டை என்றால் ப, ட, ட. பாட்டியும் ப, ட, ட. புட்டும் அதே. திருநெல்வேலியை அரிவாள்மனையில் நறுக்கியதுபோல த, ர, ந, ல, வ, ல என்று போட்டு வைத்திருக்கிறது.

இந்தக் கால், கொம்பு, புள்ளிகளுக்கு யூனிகோடில் எம்என், எம்சி என்று வகைப் பெயர். அந்த வகைக் குறிகளையும் சொல்லில் சேர் என்று ஒரு வரி அமைப்பில் எழுதி, தேடல் அட்டவணையை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். அந்த ஒரு வரியை 'போதும்' என்ற இடத்தில் எழுதியிருந்தால் கை தேய்ந்தா போகும்?

போஸ்ட்கிரெஸுக்குப் போ என்பீர்கள். 2019-இல் வந்த 12ஆம் பதிப்பிலேயே தமிழ் விகுதி வெட்டும் வசதி இருக்கிறது, தெரியும். அதற்குத் தனி சர்வர், தனி யூசர், தனி பாஸ்வேர்ட். கரண்ட் போனால் யார் பார்ப்பது, அண்ணாச்சியா? மைஎஸ்க்யூஎல்லில் தகவலைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியோ, சும்மா விட்டால், மூன்று குறிக்குக் குறைந்த சொல்லை அட்டவணையில் ஏற்றவே ஏற்றாது. பூ என்றால் அதற்கு 'ப' ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டே குறி. பூ, தீ இரண்டும் நம் ஊரில் கிடையாது போல.

அண்ணாச்சி கடைசியில், "பாட்டி வைத்தியத்தையாவது எடு, முட்டு வலிக்கு" என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

மத்தியானம் சாப்பிடப் போனால், சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லையாம். துவையல் இல்லாமல் என்னய்யா சொதி?