டாட்ஜர்ஸ் மேனேஜர்களும் அவர்களுக்கு மேலே இருந்தவர்களும்

2025 நவம்பர் 1 அன்று டொரண்டோவில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தை 11 இன்னிங்ஸ்களில் வென்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தொடர்ந்து இரண்டாவது முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. மேனேஜர் டேவ் ராபர்ட்ஸுக்கு இது மூன்றாவது கோப்பை. அன்றிலிருந்து அந்த அணியின் ரசிகர்களிடையே ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது: டாட்ஜர்ஸ் வரலாற்றிலேயே சிறந்த மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டனா, டாமி லசோர்டாவா, ராபர்ட்ஸா? ஆளுக்கொரு பட்டியலும் ஆளுக்கொரு புள்ளிவிவரமுமாக வாதம் நீள்கிறது. ஆனால் இந்த மேனேஜர்களை வேலைக்கு வைத்தவர்கள் யார், தோற்ற ஆண்டுகளில் அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்று அனேகமாக யாருமே கேட்பதில்லை. அதைக் கேட்காமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

பேஸ்பாலைப் பின்தொடராதவர்களுக்காக ஒரு விளக்கம். பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் அல்லர். கிரிக்கெட்டில் கேப்டனும் பயிற்சியாளரும் பிரித்துக்கொள்ளும் வேலைகளை ஒருவரே செய்வதாக எண்ணிக்கொள்ளலாம். பேட்டிங் வரிசை, பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது மாற்றுவது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. வீரர்களை வாங்குவதும் விற்பதும் மட்டும் அவருக்கு மேலே இருக்கும் ஜெனரல் மேனேஜரின் வேலை. பிரச்சினை பெரும்பாலும் அந்த எல்லைக் கோட்டில்தான் தொடங்குகிறது.

அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த காலத்தில் மேனேஜரின் பெயரே அணியின் பெயராக இருந்ததும் உண்டு. 1914 முதல் 1931 வரை பொறுப்பில் இருந்த வில்பர்ட் ராபின்சனை வைத்து அந்த அணியைப் பத்திரிகைகள் 'ராபின்ஸ்' என்றே எழுதின. அவருக்குப் பின் வந்தவர்களில் கேசி ஸ்டெங்கலின் கதை மட்டும் சொல்லத் தக்கது. 1936 முடிவில் அவரை நீக்கிய நிர்வாகம், ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஓராண்டுக்கு, வேலை செய்யாமல் இருப்பதற்காகவே சம்பளம் கொடுத்தது. அதே ஸ்டெங்கல் பிறகு நியூயார்க் யாங்கீஸுக்கு ஏழு வேர்ல்ட் சீரிஸ் கோப்பைகளை வென்று தந்தார். அவற்றில் நான்கு புரூக்ளின் டாட்ஜர்ஸைத் தோற்கடித்து வென்றவை. ஆள் மாறவில்லை, அவருக்குக் கிடைத்த வீரர்களும் நிர்வாகமும்தான் மாறியிருந்தன.

1947ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன், அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்த ஆண்டு அது. அந்த வசந்தகாலப் பயிற்சியின்போது, அவருடன் விளையாட மறுத்துச் சில வீரர்கள் ஒரு மனு தயாரித்தார்கள். செய்தி எட்டியதும் மேனேஜர் லியோ டுரோச்சர், பனாமாவில் தங்கியிருந்த வீரர்களை நள்ளிரவில் எழுப்பி, அந்த மனுவைத் தூக்கி எறியச் சொல்லிக் கடுமையாகப் பேசி முடித்துவைத்தார். ஆனால் ராபின்சன் களமிறங்கிய நாளில் டுரோச்சர் அங்கே இல்லை. சூதாடிகளுடன் பழகியதாகக் கூறி, பேஸ்பால் ஆணையர் ஹேப்பி சாண்ட்லர் சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது அவரை ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்திருந்தார். ஏப்ரல் 15 அன்று மேனேஜர் இடத்தில் இருந்தவர் கிளைடு சுக்ஃபோர்த். 1945இல் ராபின்சனைத் தேடிச் சென்று, அணியின் நிர்வாகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கியின் அறைக்கு அழைத்து வந்தவரும் இவரேதான். இரண்டு ஆட்டங்களோடு அவர் விலகிக்கொள்ள, பர்ட் ஷாட்டன் வந்தார். சீருடை அணியாமல், கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தியவர் அவர். சீருடை இல்லாததால் மைதானத்துக்குள் கால் வைக்காமல், பிட்சரை மாற்றுவதற்குக்கூடப் பயிற்சியாளரைத்தான் அனுப்புவார். அப்படியே 1947, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளில், வேர்ல்ட் சீரிஸுக்குத் தகுதி தரும் தேசிய லீக் பட்டத்தை வென்றார். அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்த அந்த ஓராண்டில் அணியின் மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் இருந்தவர் ரிக்கி ஒருவரே. டுரோச்சரின் அந்த நள்ளிரவுப் பேச்சைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அது ரிக்கி எடுத்துவிட்ட முடிவுக்குக் காவல் நின்ற பேச்சு.

ரிக்கி வெளியேறி, வால்டர் ஓமாலி நிர்வாகத் தலைவரானதும் காலம் மாறியது. 1951இல் சக் டிரெசன் வந்தார். ஆகஸ்ட் மாதத்தில் 13 ஆட்டங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்து, ஜெயன்ட்ஸ் அணியிடம் அதை முழுவதும் இழந்து, பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் அவர் அனுப்பிய ரால்ஃப் பிராங்காவின் பந்தைப் பாபி தாம்சன் கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரனாக அடித்த கதையைப் பேஸ்பால் அறிந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதற்கெல்லாம் அவர் வேலை போகவில்லை. 1952, 1953 இரண்டிலும் லீக் பட்டத்தை வென்ற பிறகு, பல ஆண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டபோதுதான் போனது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மேல் தருவதில்லை என்பது ஓமாலியின் கொள்கை.

அந்த நாற்காலிக்கு வந்தவர் வால்டர் ஆல்ஸ்டன். ஒஹாயோவின் ஒரு சிற்றூர்க்காரர். சீசன் இல்லாத மாதங்களில் பள்ளி ஆசிரியர். வீரராக மேஜர் லீகில் ஒரே ஒரு முறை பேட் பிடித்தவர், அதிலும் ஸ்ட்ரைக்-அவுட். அவரை அறிந்திராத நியூயார்க் பத்திரிகையாளர்கள், யார் இவர் என்று வெளிப்படையாகவே கேலி செய்தார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. 1946இல் நாஷுவா என்ற சிறு ஊரின் துணை அணியில் ராய் காம்பனெல்லா, டான் நியூகோம்ப் ஆகிய கறுப்பின வீரர்களை வைத்து அணியை நடத்தியவர் ஆல்ஸ்டன். நடுவர் தன்னை வெளியேற்றிய ஒரு நாளில், ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் காம்பனெல்லாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ராபின்சனே மேஜர் லீகுக்கு வராத காலத்தில், அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசாமலே செய்தார்.

1955 அக்டோபர் 4. யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் புரூக்ளின் 2-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸுக்கு முன் ஆல்ஸ்டன், இடப்பக்கம் நின்ற ஜிம் கில்லியமை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தி, சாண்டி அமோரோஸை இடப்பக்கம் அனுப்பினார். அந்த இன்னிங்ஸிலேயே யோகி பெரா தூக்கி அடித்த பந்தை, இடது எல்லைக் கோட்டருகே ஓடோடிச் சென்று அமோரோஸ் பிடித்து எறிய, ஒரே பந்தில் இரண்டு பேர் வீழ்ந்தார்கள். அமோரோஸ் இடது கைப் பழக்கமுள்ளவர். கையுறை வலது கையில் இருந்ததால்தான் அந்தப் பந்து எட்டியது. கில்லியம் நின்றிருந்தால் எட்டியிருக்காது என்பது அன்று முதல் பலரும் சொல்லிவரும் கருத்து. புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே வேர்ல்ட் சீரிஸ் கோப்பை அது.

என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது 1958. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், எட்டு அணிகளில் டாட்ஜர்ஸ் ஏழாவது இடம். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரை அனுப்பிவிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஓமாலி அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே ஆல்ஸ்டன் கோப்பையை வென்றார். 1962இல் ஜெயன்ட்ஸிடம் கடைசி இன்னிங்ஸில் மறுபடியும் கோட்டைவிட்டபோது, உடனிருந்த பயிற்சியாளர் வேறு யாருமல்லர், டுரோச்சர்தான்; மேனேஜர் பதவிக்குத் தானே பொருத்தமானவன் என்று நினைத்ததை அவர் மறைக்கவும் இல்லை. அப்போதும் ஆல்ஸ்டன் நீடித்தார். 1963இல் யாங்கீஸை நான்கே ஆட்டங்களில் வீழ்த்தினார். அணியின் நட்சத்திர பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் ஓய்வு பெற்றபின் 1967இல் எட்டாவது இடம், 1968இல் ஏழாவது இடம். அப்போதும் அவர்தான் மேனேஜர். 23 ஆண்டுகள், 23 ஓராண்டு ஒப்பந்தங்கள், 2,040 வெற்றிகள், நான்கு கோப்பைகள். காகிதத்தில் எப்போதும் ஓராண்டுப் பாதுகாப்புதான். நடைமுறையில் அவருக்குக் கிடைத்தது, இன்றைய மேனேஜர்களுக்கு அரிதாகவே கிடைக்கும் பொறுமை.

1976இல் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போது பொறுப்பேற்ற லசோர்டா எல்லா விதத்திலும் நேர்மாறானவர்: உரத்த குரல், கட்டிப்பிடிப்பு, உடம்பில் ஓடுவது டாட்ஜர்ஸ் நீல ரத்தம் என்ற வசனம். அவர் காலத்தில் ஒன்பது பேர் ஆண்டின் சிறந்த புதுமுக விருதைப் பெற்றார்கள். 1988 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில், காயத்தால் நடக்கவே சிரமப்பட்ட கிர்க் கிப்சனை உள்ளே மறைத்து வைத்து, அடுத்து ஆட வருபவர்போல டேவ் ஆண்டர்சனை வெளியே நிறுத்தி, எதிரணியை ஏமாற்றிக் கடைசி நேரத்தில் கிப்சனை இறக்கியது, மேனேஜர் ஒருவரின் தந்திரத்துக்கு என்றும் காட்டத்தக்க உதாரணம். ஆனால் பிட்சர் பெர்னாண்டோ வாலென்சுவேலாவை 1982 முதல் 1987 வரை ஒவ்வோர் ஆண்டும் 250 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசவைத்தவரும் அவர்தான். 1988இல் அந்தத் தோள் கைவிட்டது. இரண்டு கோப்பைகளும் அந்தக் குரலும் இந்தப் பக்கத்தைப் பலரையும் மறக்கச் செய்துவிட்டன.

1996 ஜூனில் மாரடைப்பு ஏற்பட்டு, ஜூலையில் லசோர்டா ஓய்வு பெற்றார். 1998இல் ஓமாலி குடும்பம் அணியை ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. சில வாரங்களிலேயே நட்சத்திர வீரர் மைக் பியாசா, ஜெனரல் மேனேஜருக்குத் தெரியாமலே, மேலிடத்தின் பேரத்தில் வேறு அணிக்குப் போனார். அடுத்த மாதம் மேனேஜர் பில் ரசல், ஜெனரல் மேனேஜர் ஃபிரெட் கிளேர் இருவரும் ஒரே நாளில் வெளியே. 1996 வரை 42 ஆண்டுகளுக்கு மேலாக இரண்டே மேனேஜர்களைக் கண்ட அணி, அடுத்த 20 ஆண்டுகளில் ஏழு பேரைக் கண்டது: ரசல், கிளென் ஹாஃப்மன், டேவி ஜான்சன், ஜிம் டிரேசி, கிரேடி லிட்டில், ஜோ டாரி, டான் மேட்டிங்லி. இவர்களில் ஜான்சனும் டாரியும் வேறிடங்களில் வேர்ல்ட் சீரிஸை வென்றவர்கள். திறமை இல்லாததால் இந்த ஏழு பேரும் நிலைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதே காலத்தில் அணியின் உரிமை ஃபாக்ஸிடமிருந்து ஃபிராங்க் மெக்கோர்ட்டுக்குச் சென்று, அவர் கையில் திவாலாகி, 2012இல் குகன்ஹைம் குழுவிடம் போய்ச் சேர்ந்தது.

ராபர்ட்ஸ் 2016இல் வந்தபோது மேலே, அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவராக ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் இருந்தார். முடிவுகள் எல்லாம் கணினியும் மேலிடமும் எடுப்பவை, ராபர்ட்ஸ் வெறும் பொம்மை என்பது அவர்மீது சொல்லப்படும் பழைய குற்றச்சாட்டு. 2022இல் எதிரணியில் ஒருவரைக்கூடப் பேஸை எட்டவிடாமல் ஏழு இன்னிங்ஸ் வீசியிருந்த பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவை 80 பந்துகளோடு நிறுத்தியபோது அந்தக் குரல் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு 111 வெற்றிகள் பெற்றும் லீக் ஆட்டங்களுக்குப் பின் ஆடிய முதல் தொடரிலேயே சான் டியேகோவிடம் வீழ்ந்ததும், 2023இல் அரிசோனாவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியதும் அதற்கு எண்ணெய் வார்த்தன. அந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகும் அவர் நீக்கப்படவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். 1958இல் ஓமாலி காட்டிய அதே பொறுமை. அடுத்து வந்தவை இரண்டு கோப்பைகள்.

பொம்மை என்பவர்கள் 2025இன் ஏழாவது ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதிகம் ஆடாத 36 வயது மிகேல் ரோஹாஸை ஆறாவது ஆட்டத்திலிருந்தே அணிக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் ரோஹாஸ். அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில், ஆட்டமே முடிந்துபோகும் நிலையில், நடு வெளிக்களத்துக்கு ஆண்டி பஹெஸை அனுப்பினார். சுவரோரம் சக வீரர்மீது மோதியபடி பஹெஸ் அந்தப் பந்தைப் பிடித்தார். முந்தைய நாள்தான் வீசியிருந்த பிட்சர் யோஷினோபு யமமோட்டோவை மறுபடியும் இறக்கி, கடைசிவரை அவரிடமே ஆட்டத்தை விட்டார். ஆல்ஸ்டன் அமோரோஸை அனுப்பிய 1955க்குச் சரியாக 70 ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய அதே வகை முடிவு.

ராபர்ட்ஸின் ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது. மேனேஜர்களிலேயே ஆண்டுக்கு மிக அதிகச் சம்பளம் அவருக்குத்தான். அதற்குள் அவர் ஆல்ஸ்டனின் நான்கு கோப்பைகளைத் தொட்டுவிடவோ தாண்டிவிடவோ கூடும். அப்போதும் நான் ஆல்ஸ்டனையே முதலில் வைப்பேன். ராபர்ட்ஸுக்கு நிர்வாகம் நட்சத்திர வீரர்களான ஷோஹெய் ஓஹ்தானியையும் யமமோட்டோவையும் பெரும் பணம் கொடுத்து வாங்கித் தந்தது. ஆல்ஸ்டனோ புரூக்ளினின் ஹோம் ரன் அணியையும், பிட்சர்களையும் ஓட்டத்தையும் மட்டுமே நம்பியிருந்த 1960களின் அணியையும், 1974இல் லீக் பட்டம் வென்ற இளைஞர் அணியையும், இரண்டு நகரங்களில், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கேள்வி ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் காகிதத்திலாவது எழும் நிலையில் நடத்தி வென்றார்.