பச்சை அசோலாவும் நான் விட்ட கணக்கும்

மேய விட்டு வளர்க்கும் கறிக்கோழிக்கு மாற்றுத் தீவனம் என்று பேச்சு எடுத்தாலே, "அசோலா போடுங்க, செலவு பாதியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தண்ணீரில் மிதந்து வளரும் அந்தச் சின்னப் பெரணிச் செடியை நானும் நம்பி, அடர்தீவனத்தைக் குறைத்துவிட்டு வாளி வாளியாக அள்ளிப் போட்டேன். கோழிகள் ஆசையாகத்தான் தின்றன. தீனிப்பை பந்து மாதிரி புடைத்திருக்கும். தராசில் வைத்தால் எடை மட்டும் ஏறவே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ பச்சை அசோலாவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். காய்ந்தால் மிஞ்சுவது 60, 70 கிராம்; அதில் புரதம் சுமார் 15 கிராம். அதே புரதத்துக்கு சோயாப் பிண்ணாக்கு 35 கிராம் போதும். "25 சதவீதம் புரதம்" என்பது காய்ந்த எடைக்கு. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை!

சரி, புரதத்தை எப்படியோ ஈடுகட்டினாலும் மெத்தியோனின் இடிக்கும். கோழிக்கு முதலில் பற்றாக்குறையாவது அந்த அமினோ அமிலம்தான். அது குறைந்தால் இறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். அந்த வகையில் எனக்குப் பிடித்தது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. காய்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். தட்டில் கொட்டினால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வரும். ஆனால் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடலாம், அளவோடுதான். ஐரோப்பிய ஒன்றியமே பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க 2021-ல்தான் அனுமதித்தது.

"இயற்கைதானே, என்ன ஆகிவிடும்?" என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வறுக்காமல் போடக்கூடாது. சவுண்டல் இலையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின். வெயிலில் காயவைத்துவிட்டால் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்பிப் போட்டால் கல்லீரல்தான் கெடும்.

பூண்டு, மஞ்சளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கொட்டகைத் தரை ஈரமாகக் கிடந்தால் அவை ரத்தக்கழிச்சலை நிறுத்தாது. சேர்க்கைப் பொருளில் நான் முதலில் பார்ப்பது ஃபைட்டேஸ் நொதி. தவிட்டில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸை அது விடுவித்துக் கொடுக்கும். தவிடு அதிகம் சேர்ப்பவர்களுக்கு நல்ல பலன்.

அசோலாவை நான் விட்டுவிடவில்லை. காலையில் கலவைத் தீவனம் தின்று முடித்தபிறகு, கீரை மாதிரி ஒரு கைப்பிடி.