9-ஐ முதலில் எழுதினால் என்ன தப்பு?

நேற்றிலிருந்து எல்லோர் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறதே அந்த விடைத்தாள், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு பிள்ளையின் கணக்குத் தேர்வுத் தாள் அது. கேள்வி, 6எக்ஸ்² + 17எக்ஸ் + 12-ஐக் காரணிப்படுத்து என்பது, அதாவது இரண்டு அடைப்புக்குறிகளின் பெருக்கலாக எழுத வேண்டும். முதலில் 6-ஐயும் 12-ஐயும் பெருக்கினால் 72. பெருக்கினால் 72, கூட்டினால் 17 வரும் எண்கள் 8, 9. ஆசிரியர் வகுப்பில் நடு உறுப்பான 17எக்ஸ்-ஐ 8எக்ஸ் + 9எக்ஸ் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளை 9எக்ஸ் + 8எக்ஸ் என்று பிரித்திருக்கிறது. 3எக்ஸ்(2எக்ஸ் + 3) + 4(2எக்ஸ் + 3) என்று பொதுக்காரணி எடுத்து, (2எக்ஸ் + 3)(3எக்ஸ் + 4) என்று முடித்திருக்கிறது. ஒரு வரிகூடத் தப்பில்லை. அதற்கு 2 மதிப்பெண் குறைத்து, "வகுப்பில் நடத்தியபடி எழுதவும்" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு.

சரியான கணக்கை வெட்டியிருக்கிறார்கள். இதில் இரண்டு பக்க நியாயம் எதுவும் கிடையாது.

ஒரு தாளில் செவ்வகம் வரைந்து பாருங்கள். நீளம் 3எக்ஸ் + 4, அகலம் 2எக்ஸ் + 3. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நான்கு துண்டுகள் கிடைக்கும்: 6எக்ஸ்², 8எக்ஸ், 9எக்ஸ், 12. படுக்கை வரிசையாகச் சேர்த்தால் 6எக்ஸ்²-உம் 8எக்ஸ்-உம் ஒரு ஜோடி. அது ஆசிரியரின் வழி. செங்குத்தாகச் சேர்த்தால் 6எக்ஸ்²-உம் 9எக்ஸ்-உம் ஒரு ஜோடி. அது பிள்ளையின் வழி. செவ்வகம் ஒன்றேதான். முதலில் 6-ஐயும் 12-ஐயும் ஏன் பெருக்குகிறோம் என்பதும் இந்தப் படத்திலேயே தெரியும். எதிரெதிர் மூலையில் இருக்கும் துண்டுகளைப் பெருக்குங்கள்: 6எக்ஸ்²-ஐ 12-ஆல் பெருக்கினாலும் 72எக்ஸ்², 8எக்ஸ்-ஐ 9எக்ஸ்-ஆல் பெருக்கினாலும் 72எக்ஸ்². ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளை விளக்கியதே இப்படிச் சதுரமும் செவ்வகமும் வரைந்துதான். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்? "பெருக்கு, பிரி, போடு" என்பதோடு முடிந்துவிடுகிறது.

என்னிடம் மாலையில் படிக்க வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண், விடையை அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிட்டாள். வாங்கிப் பார்த்தால் கணக்கு சரி. "எங்க மிஸ் போர்டுல எழுதினப்போ வேற அடைப்புக்குறி முன்னாடி இருந்துச்சு மிஸ்" என்றாள். 3-ஐ 5-ஆல் பெருக்கினாலும் 5-ஐ 3-ஆல் பெருக்கினாலும் ஒன்றுதான் என்று சின்ன வகுப்பிலேயே தெரிந்துகொண்ட பெண். பத்தாம் வகுப்பில் அதை நம்பப் பயப்படுகிறாள். அந்தப் பயத்தை யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

"கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர்களின் கஷ்டம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். தெரியும். விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்து ஓடவேண்டிய அவசரம் புரிகிறது. ஆனால் இந்தத் தாளில் நடந்தது அவசரம் இல்லையே! நின்று, படித்து, குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். "வாழ்க்கையில் காரணிப்படுத்துதல் எதற்குப் பயன்படும்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

இன்னொருவர், டியூஷன் எடுப்பவர்கள் பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்வது தொழில் போட்டி என்று எழுதியிருந்தார். அதற்கு எத்தனை விருப்பக்குறிகள்! என் வீட்டுத் திண்ணையில் உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் நான் பணம் வாங்குவதில்லை. இதைச் சொல்லிக்காட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே என்பதுதான் வலிக்கிறது. எனக்குக் கணக்குப் பிடிக்கும். ஒரு பிள்ளை தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை அணைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் எனக்குக் கோபம் வரும். வீட்டில் அம்மா அப்பா செய்தாலும் வரும். "டீச்சர் சொன்னதை மட்டும் எழுது, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்று சொல்கிற வீடுகள் எத்தனை! அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எதையும் கேள்வி கேட்பதில்லை என்று அப்புறம் நாமே வருத்தப்படுகிறோம்.

"அப்போ எதை எழுதினாலும் மார்க் போடணுமா?" என்கிறீர்கள். இல்லை. எக்ஸ்³ + 3எக்ஸ்² − 4எக்ஸ் − 12 கொடுங்கள். முதல் ஜோடியில் எக்ஸ்²(எக்ஸ் + 3) வரும். அடுத்த ஜோடியில் −4-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே குறி மாறி (எக்ஸ் + 3) வரவேண்டும். பிள்ளைகள் (எக்ஸ் − 3) என்று எழுதிவிட்டு, இரண்டு அடைப்புக்குறியும் ஒன்றுதான் என்பதுபோல அடுத்த வரிக்குத் தாவுவார்கள். அங்கே வெட்டுங்கள். (எக்ஸ் + 3)(எக்ஸ்² − 4) என்று பாதியில் நிறுத்தி, எக்ஸ்² − 4-ஐ மேலும் பிரிக்காமல் விட்டால் அங்கேயும் வெட்டுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.