அமெரிக்காவில் வீட்டு முன்னால் காய்கறி போட்டால் குற்றமா?

"அமெரிக்காவில் வீட்டு முன்புறம் புல்தரைதான் இருக்கணும், தக்காளி வைத்தால் சட்டவிரோதம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி நாடு முழுக்கச் செல்லும் சட்டம் எதுவும் அங்கே கிடையாது.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் என்ற ஊர் 2013-இல் முன்முற்றத்தில் காய்கறி வளர்க்கத் தடை போட்டது. பதினேழு வருடமாக அங்கே கீரையும் காயும் வளர்த்துவந்த ஒரு தம்பதி, நாளுக்கு 50 டாலர் அபராதம் என்ற மிரட்டலில் செடிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பழம் வைக்கலாம், பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ பொம்மைகூட வைக்கலாம், வெண்டைக்காய் மட்டும் கூடாதாம், இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஆனால் சுற்றிவரும் செய்தி அதோடு நின்றுவிடுகிறது, அப்புறம் நடந்ததைச் சொல்வதே இல்லை: 2019-இல் ஃபுளோரிடா மாநிலமே, உள்ளூர் நிர்வாகங்கள் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. வறட்சிக் காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு, உர விதி போன்ற பொதுவானவை மட்டும் பொருந்தும். இல்லினாய் மாநிலத்திலும் 2022 முதல் இதுபோன்ற சட்டம் உண்டு.

சரி, முழுச் சுதந்திரமா? இல்லை. குடியிருப்புப் பகுதிகளுக்குத் தனியாக விதி போடும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பல இடங்களில் இன்னும் புல்லைக் கேட்கின்றன, ஃபுளோரிடா சட்டம் உள்ளாட்சிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. மேரிலாந்து மாநிலம் 2021-இல் ஒரு படி மேலே போய், தேனீக்களுக்கான தோட்டம், மழைநீர்த் தோட்டம் போன்றவற்றை இந்தச் சங்கங்களும் தடுக்கக்கூடாது என்றது. அங்கே இருக்கும் உறவினர் தோட்டம் போட நினைத்தால், ஊர் விதியையும் சங்க விதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.