குழாய்க்குக் காசு வந்தது, ஓட்டுக்கு?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து. பிரியாணி முடிந்து பாயசத்துக்கு வரும்போது பேச்சு வழக்கம்போல அரசியலுக்குத் தாவியது. டெட்ராய்ட் நகருக்குள்ளேயே பழைய வீடு ஒன்றை வாங்கிச் சீர்படுத்திக் குடியிருக்கும் ஒருவர் கேட்டார்: "பிளாக் காக்கஸ், பிளாக் காக்கஸ்னு சொல்றாங்களே, அம்பது வருஷமா அவங்க என்னத்தைக் கிழிச்சாங்க?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ உளறினேன். வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு அறிமுகம். காங்கிரஷனல் பிளாக் காக்கஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு. தனிக் கட்சி கிடையாது, உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. 1971இல் 13 பேரோடு ஆரம்பித்தது. தங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்காத அதிபர் நிக்சனின் ஆண்டு உரைக்கு அவர்கள் போகவே இல்லை. இரண்டு மாதத்தில் நிக்சன் இறங்கிவந்து சந்தித்தார். அந்த 13 பேரில் இரண்டு பேர் எங்கள் டெட்ராய்ட்காரர்கள்: சார்லஸ் டிக்ஸ், ஜான் கானியர்ஸ். எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற மசோதாவை 2003இலேயே கொண்டுவந்தவர் கானியர்ஸ். இன்று குழுவில் ஏறக்குறைய 60 பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் 5, வெள்ளிக்கிழமை. அன்றைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் பைடன் கொண்டுவந்த இரண்டு பெரிய மசோதாக்கள் கீழவையான பிரதிநிதிகள் அவையில் மாட்டிக்கொண்டு நின்றன. ஒன்று சாலை, பாலம், குடிநீர், இணையம் எல்லாம் அடங்கிய 1.2 லட்சம் கோடி டாலர் உள்கட்டமைப்பு மசோதா. அது செனட்டில் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. இன்னொன்று மருத்துவம், குழந்தைகள் நலம், பருவநிலை அடங்கிய சமூகநல மசோதா. இரண்டையும் சேர்த்து நிறைவேற்றினால்தான் ஓட்டுப் போடுவோம் என்றது சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் தலைமையிலான முற்போக்கு அணி. செலவுக் கணக்கு வராமல் இரண்டாவதைத் தொடமாட்டோம் என்றது கட்சியின் மிதவாத அணி. பகல் முழுக்க இழுபறி. அவையை ஒத்திவைக்கலாமா என்ற ஒரு சாதாரண வாக்கெடுப்பை மணிக்கணக்கில் மூடாமல் திறந்தே வைத்திருந்தார்கள், உள்ளே பேரம் நடக்கட்டும் என்று.

அந்த முடிச்சை அவிழ்த்தது பிளாக் காக்கஸ். அப்போதைய தலைவர் ஜாய்ஸ் பீட்டி, ஒஹையோக்காரர், ஒரு நடுவழி சொன்னார். உள்கட்டமைப்பு மசோதாவை இன்றிரவே நிறைவேற்றிவிடுவோம். சமூகநல மசோதாவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் விதியை மட்டும் இன்று நிறைவேற்றுவோம், மசோதா அப்புறம் வரட்டும் என்றார். இரவு பதினொன்றரை மணி வாக்கில் முடிவு வந்தது. ஆதரவு 228, எதிர்ப்பு 206. எதிர்க்கட்சியிலிருந்தே 13 பேர் ஆதரித்தார்கள். சொந்தக் கட்சியில் எதிர்த்த ஆறு பேரில் நான்கு பேர் இதே காக்கஸின் உறுப்பினர்கள், இன்னொருவர் டெட்ராய்ட்டின் ரஷீதா தலைப். அவர்களுடைய பயம் இதுதான்: முதல் மசோதாவைக் கையைவிட்டுவிட்டால் இரண்டாவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பயந்தபடியேதான் நடந்தது. டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை காலையில் பைடனின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜோ மன்சினே தொலைக்காட்சியில் உட்கார்ந்து தன்னால் ஓட்டுப் போட முடியாது என்றார். அவ்வளவுதான். அந்த மசோதாவோடு செத்துப்போனவற்றில் எனக்குப் பெரிதாக வலிப்பது ஒன்று உண்டு. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். ஒபாமா காலத்தில் வந்த அதன் விரிவாக்கத்தை அப்போது 12 மாநிலங்கள் ஏற்காமல் இருந்தன, பெரும்பாலும் தெற்கு மாநிலங்கள். ஏழை என்று காப்பீடு தரவும் ஆளில்லை, மானியத்தில் வாங்கலாம் என்றால் அதற்கு வருமானம் போதாது. இந்த இடுக்கில் சிக்கியவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். அவர்களைக் கரையேற்ற தெற்கத்திய கறுப்பின உறுப்பினர்கள், குறிப்பாக ஜிம் கிளைபர்ன், மிகவும் மெனக்கெட்டார்கள். அது போயேபோய்விட்டது.

அப்படியானால் பீட்டி செய்தது தப்பா? நான் பல நாள் இதை யோசித்திருக்கிறேன். தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது, அதுவும் மயிரிழையில். கையில் இருந்ததையும் பிடித்துவைத்திருந்தால் மன்சின் மனம் மாறியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இரண்டும் போயிருக்கும். இரண்டும் போயிருந்தால் ஈயக் குழாய் மாற்ற ஒதுக்கிய 1,500 கோடி டாலரும் சேர்ந்து போயிருக்கும்.

ஈயக் குழாய் என்றதும் சிலர் கொட்டாவி விடுவீர்கள். எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் விடமாட்டோம். ஒரு மணி நேரத் தொலைவில் ஃபிளின்ட் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அந்த ஊரின் தண்ணீரைச் சிக்கனத்துக்காக ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கிக் குழந்தைகளின் இரத்தத்துக்குள் போனது. இது பலருக்கும் தெரியும். தெரியாத பாதி இனிமேல்தான். அப்போது ஃபிளின்டை ஆண்டது மக்கள் தேர்ந்தெடுத்த நகரசபை இல்லை, ஆளுநர் நியமித்த 'அவசரகால மேலாளர்'. அப்படி ஒருவரை நியமிக்கும் சட்டம் வேண்டாம் என்று மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் ஓட்டுப் போட்டு ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதே மாதிரி இன்னொரு சட்டம் போட்டது. இந்த முறை அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் செருகிவிட்டார்கள், ஏனென்றால் நிதிச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட முடியாது!

ஓட்டைப் பிடுங்கினார்கள், குழாய் கெட்டது, குழந்தைக்கு நோய் வந்தது. சிவில் உரிமை, உள்கட்டமைப்பு, மருத்துவம் என்று நாம் மூன்று தலைப்பாகப் பிரித்துப் பேசுவதெல்லாம் அந்த ஊரில் ஒரே குடத்துத் தண்ணீர். பாட்லக்கில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். இந்தக் குழுவை மதிப்பிடும்போது நான் பிடித்துக்கொள்ளும் நூலும் இதுதான். அவர்களால் காசாகவும் குழாயாகவும் மாற்ற முடிந்ததெல்லாம் ஓரளவு கிடைத்தது. ஓட்டுரிமையாக இருந்தது அப்படியே நின்றுவிட்டது.

மிசிசிப்பியின் ஜாக்சனைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சுத்திகரிப்பு நிலையம் படுத்து, ஒன்றரை லட்சம் பேர் உள்ள நகரத்தில் கழிப்பறைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அங்கே பத்தில் எட்டுப் பேர் கறுப்பர்கள். அதே ஆண்டு டிசம்பரில் மத்திய நிதி மசோதாவில் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் 60 கோடி டாலர் வந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் பென்னி தாம்ப்சன், காக்கஸின் மூத்தவர்களில் ஒருவர். இன்சுலினும் அப்படித்தான். ஜார்ஜியா செனட்டர் ரஃபேல் வார்னாக் விடாப்பிடியாக நின்றதில், 2023 ஜனவரியிலிருந்து மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலருக்கு மேல் கிடையாது. தனியார் காப்பீட்டுக்கும் அதை விரிக்கப் பார்த்தார்கள். 57 பேர் சரி என்றார்கள், 43 பேர் மறுத்தார்கள். 57 தோற்றது. செனட்டில் அறுபது இருந்தால்தான் கதவு திறக்கும். பள்ளிக்கூடக் கணக்கு அங்கே செல்லாது.

பிரசவம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மகள் பிறந்த மூன்றாவது வாரம் மனைவிக்கு விடாத தலைவலி. தூக்கமின்மை என்று நினைத்தோம். போன் செய்தபோது நர்ஸ் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு உடனே வரச் சொன்னார். இரத்த அழுத்தம் எங்கோ போயிருந்தது. நல்ல காப்பீடு இருந்தது, பிழைத்தோம். அன்றைக்கு எங்களைப் போலக் காப்பீடு இல்லாத ஒரு பெண் என்ன செய்திருப்பாள்? இந்த நாட்டில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு மெடிக்கெய்ட் செலவில் பிறக்கின்றன. முன்பெல்லாம் பிரசவம் ஆகி 60 நாளில் தாயின் அந்தக் காப்பீடு முடிந்துவிடலாம். 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3, வெள்ளையினத் தாய்மார் இறப்பு 14.5.

இல்லினாய் உறுப்பினர் லாரன் அண்டர்வுட் தொழில்முறையில் நர்ஸ். பொதுச் சுகாதாரத் துறையிலேயே வேலைபார்த்த அவருடைய படித்த தோழி ஒருவர் பிரசவமான சில வாரங்களில் இறந்துபோனார். அண்டர்வுட்டும் ஆல்மா ஆடம்ஸும் 2019இல் இதற்கென்றே தனிக் குழு அமைத்து, 'மாம்னிபஸ்' என்று ஒரு கட்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார்கள். 2020 மார்ச்சில் செனட்டில் அதை முன்வைத்தவர் யார் தெரியுமா? கமலா ஹாரிஸ். அவர் இட்லி பிடிக்கும் என்றதை நாம் எத்தனை முறை பகிர்ந்தோம், 'சித்தி' என்று மேடையில் சொன்னதற்கு எப்படிக் கண்கலங்கினோம், துளசேந்திரபுரத்துப் பேனர்களை எப்படிக் கொண்டாடினோம். இந்த மசோதாவைப் பற்றித் தமிழில் ஒரு பதிவுகூட என் கண்ணில் படவில்லை. நானும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டில் முதலில் சட்டமானது முன்னாள் ராணுவப் பெண்களின் பிரசவ கவனிப்பு பற்றியது, 2021 நவம்பரில். பிரசவத்துக்குப் பின் 12 மாதக் காப்பீடு என்பதை மாநிலங்கள் விரும்பினால் தரலாம் என்று 2021இல் ஒரு வழி திறந்தது, 2022 கடைசியில் அது நிரந்தரமானது. ஓரிரு மாநிலங்கள் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் குழுவின் சத்தமில்லாத பெரிய வெற்றி இதுதான்.

ஓட்டுரிமைக்கு வருவோம். தெற்கு மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதுகெலும்பை 2013இல் உச்ச நீதிமன்றம் ஒடித்தது, 5க்கு 4. அதை மறுபடி நிமிர்த்த, காக்கஸின் ஜான் லூயிஸ் இறந்தபின் அவர் பெயரிலேயே ஒரு மசோதா. 2021 ஆகஸ்டில் கீழவையில் 219க்கு 212 என்று நிறைவேறியது. செனட்டில் அதே அறுபது. விதியை மாற்றலாம் என்றபோது 2022 ஜனவரியில் சொந்தக் கட்சியின் இரண்டு பேரே மறுத்துவிட்டார்கள். மயிரைப் பிளக்கும் வாதமெல்லாம் கேட்டேன், ஒன்றுகூடச் செரிக்கவில்லை. இரண்டே மாதம் கழித்து, கும்பல் கொலையை மத்திய அரசுக் குற்றமாக்கும் எம்மட் டில் சட்டம் கையெழுத்தானது. அதற்கான முதல் மசோதா 1900இல் வந்தது. 122 வருடம்! பாபி ரஷ் அதைக் கொண்டுவந்தபோது கீழவையில் எதிர்த்தவர்கள் மூன்றே பேர். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காலம் வந்தபிறகுதான் சட்டம் வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. மூப்பு அடிப்படையில் கமிட்டித் தலைமை கிடைக்கும் என்பதால் யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. 2025 மே மாதம், மெடிக்கெய்ட்டை வெட்டும் டிரம்பின் பெரிய மசோதா கீழவையில் முதலில் தப்பியது 215க்கு 214 என்ற கணக்கில். ஹூஸ்டன் தொகுதி அன்றைக்குக் காலி. அங்கே ஷீலா ஜாக்சன் லீ பதவியிலேயே காலமாகி, பின் வந்த சில்வெஸ்டர் டர்னரும் இரண்டு மாதத்தில் காலமாகியிருந்தார். அந்த ஒரு ஓட்டு இருந்தால் மசோதா நின்றிருக்கும் என்று சொல்லமாட்டேன். எதிர்த்தரப்பிலும் ஒருவர் தூங்கிப்போய் ஓட்டைத் தவறவிட்டார். ஆனாலும் எழுபது வயதுக்காரருக்குப் பதில் இன்னொரு எழுபது வயதுக்காரர் என்பது என்ன திட்டம்? அந்த மசோதா ஜூலையில் சட்டமானது. 2034க்குள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்ற நிதி அலுவலகத்தின் மதிப்பீடு.

நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. 1965இல் குடியேற்றச் சட்டம் திறந்ததால்தான் நம் முதல் தலைமுறை இங்கே வந்து இறங்கியது. அது சிவில் உரிமைப் போராட்டம் சூடேற்றிய அடுப்பில் வெந்த சோறு. அதைச் சாப்பிட்டுவிட்டு வாட்ஸாப் குழுக்களில் கறுப்பர்களைப் பற்றி நாம் எழுதுவதைப் படித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டெட்ராய்ட்டில் ஐ-375 என்று ஒரு மைல் நீளச் சாலை, தரைக்குக் கீழே பள்ளமாக ஓடும். 1964இல் திறந்தார்கள். அதன் அடியில் இருந்தது பிளாக் பாட்டம் என்ற கறுப்பினக் குடியிருப்பு. (பெயர் மக்களின் நிறத்தால் வந்ததில்லை. பிரெஞ்சு உழவர்கள் அங்கிருந்த கரிசலைப் பார்த்து வைத்தது.) சாலைகளால் பிளந்த ஊர்களை ஒட்டவைக்க 2,000 கோடி டாலர் கேட்டார்கள், 2021 சட்டத்தில் கிடைத்தது 100 கோடி. இந்தப் பள்ளத்தை மூட 2022இல் 10.46 கோடி டாலர் மத்திய மானியம் வந்தது. செலவு எகிறிவிட்டது என்று 2025இல் மாநிலம் வேலையை நிறுத்திவைத்தது. போன ஞாயிறும் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஆற்றங்கரைக்குப் போனோம்.

அடுத்த பாட்லக் எங்கள் வீட்டில். கேள்வி கேட்டவரும் வருகிறார். அவர் தெருவில் ஈயக் குழாயை எடுத்துவிட்டுச் செம்புக் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்களாம், வண்டி நிறுத்த இடமில்லை என்று குழுவில் புலம்பியிருந்தார். யார் காசு என்று விசாரித்தாரா என்று கேட்க வேண்டும்.