விருதுப் பட்டியல் போதாது

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் பற்றி வந்த ஒரு கட்டுரை, அவர் வாங்கிய விருதுகளைப் பட்டியலிட்டதோடு நின்றுவிட்டது. வேலை நடந்த விதம்தான் முக்கியம். ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையிலான 1974 பீகார் இயக்கத்தைச் சூப்பர் 8 என்ற சிறிய படச்சுருளில் பிடித்து, அதைத் திரையில் ஓட்டி அதைவிடப் பெரிய சுருள் கொண்ட 16 எம்.எம். கேமராவால் மறுபடி படமெடுத்தார். இந்த முறையில் புரொஜெக்டர் ஷட்டரும் கேமரா ஷட்டரும் ஒத்துப்போகாவிட்டால் பிம்பம் மினுங்கும்; மறுபடி எடுப்பதால் படச்சுருளின் புள்ளிகளும் பெருகும். (அந்தச் சொரசொரப்பு அந்தப் படத்துக்குப் பொருந்தியது என்பேன்.) நெருக்கடி நிலையில் அந்தப் படத்தின் பிரதி துண்டு துண்டாக வெளிநாடு போனது.

பிறகு நீதிமன்றம். அணு ஆயுதங்களை எதிர்க்கும் அவரது 'வார் அண்ட் பீஸ்' படத்துக்குத் தணிக்கை வாரியம் 21 வெட்டுகள் கேட்டது. 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒன்றுகூட இல்லாமல் அனுமதித்தது. 1995-இல் முடித்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' தூர்தர்ஷனில் வர 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தை எடுத்து முடிக்கவே 14 ஆண்டுகள் ஆயின.