ஏடோனல் இசையை யாரும் ரசிப்பதில்லையா? பரவும் செய்தி தவறு

"ஆதார சுருதியே இல்லாத மேற்கத்திய ஏடோனல் இசையை மனித மூளையால் ரசிக்க முடியாது, ரசிப்பவர்கள் நடிக்கிறார்கள்" என்றொரு செய்தி புதுச்சேரி இசை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஆபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) பெரும்பாலும் ஏடோனல்தான். 1925இல் பெர்லினில் அரங்கேறி, பல ஊர்களுக்குப் போனது. அதைத் தடுத்தது நாஜி அரசு, ரசிகர்கள் அல்ல. பெரிய ஆபரா அரங்குகள் இன்றும் மேடையேற்றுகின்றன. அவற்றின் இணையதளங்களிலேயே பார்க்கலாம்.

பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி அதிலிருந்தே இசையைக் கட்டும் பன்னிரண்டு சுர முறையில் பெர்க் 1935இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) யூடியூபில் கேளுங்கள். 18 வயதில் இறந்த ஒரு பெண்ணின் நினைவாக எழுதியது. தனி வயலின், விரல் வைக்காத நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டபடி நுழையும் இடம் எனக்குத் தொண்டையை அடைக்கும்.

சரி, பலருக்கு இது பிடிக்காது; தம்புராவோடு வளர்ந்த காதுக்குப் பழக நேரமாகும். அதற்காக ரசிப்பவர்களைப் பொய்யர்கள் என்பது நியாயமில்லை. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.